97 முதல் 112 வரை: பொது நூலகங்களுக்கு நூல் தேர்வு செய்யும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற தொலைபேசி ஆபரேட்டர். வயது 64. நாற்பது வருடமாகக் குடும்ப நாவல் படிப்பவள். காதல் நாவல் என்று சொன்னாலும் சரி, பொம்பளைங்க நாவல் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாலும் சரி, எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அட்டையில் ஒரு பெண் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள், அவள் தோளுக்குப் பின்னால் மங்கலாக ஓர் ஆண் முகம் இருக்கும். அதுதான்.

போன மாதம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போனபோது அந்த நாவல்கள் இருந்த அடுக்கு காலியாகக் கிடந்தது. விசாரித்தால், எல்லாம் பின்னறையில் சணல் கயிறு போட்டுக் கட்டி வைத்தாயிற்று, போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்றார்கள். அதில் எனக்கு மனக்குறை இல்லை. குரூப் ஃபோருக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு வந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மேசையும் ஃபேனும் அடுக்கும் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்து நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “ஒரே கதையை நூறு அட்டை போட்டு விற்கிறார்கள், அதை வாங்க மக்கள் வரிப்பணமா?” என்று கேட்டார். கைதட்டினார்கள். பழக்க தோஷம், நானும் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து காபி போடும்போதுதான் கோபம் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

ஒரே கதைதான். ஒப்புக்கொள்கிறேன். நானே ஒரு தாளில் எழுதித் தருவேன். நாயகன் ஆறடிக்குக் குறைய மாட்டான். கோயம்புத்தூரில் மில், இல்லாவிட்டால் நீலகிரியில் தேயிலைத் தோட்டம், இப்போது வருகிற கதைகளில் சாஃப்ட்வேர் கம்பெனி. ஊரில் எல்லோர்மேலும் எரிந்து விழுவான், வீட்டில் சமைக்கிற பாட்டியிடம் மட்டும் பணிவாக நடந்துகொள்வான். அதை வைத்து நல்லவன் என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். நாயகிக்கு அப்பா இருக்க மாட்டார், இருந்தால் கடனில் இருப்பார். ஏதோ ஒரு கட்டாயத்தில் அவன் இருக்கும் இடத்துக்கு அவள் வந்து சேர்வாள். முதல் சந்திப்பே சண்டை. நடுவில் ஒரு கல்யாணம் நடக்கும், பெரும்பாலும் யாராவது ஒரு பெரியவரின் உடம்பு சரியில்லை என்பதற்காக. அத்தை மகள் ஒருத்தி காரிலிருந்து இறங்கினாள் என்றால் இன்னும் நாற்பது பக்கத்துக்கு நிம்மதி கிடையாது. ஒரு கடிதமோ போட்டோவோ தப்பான கையில் சிக்கும். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவாள், அவன் காரை எடுத்துக்கொண்டு தேடுவான். கடைசி நாலு பக்கத்தில், ஆரம்பத்திலிருந்தே எனக்கு உன்மேல் உயிர் என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொள்வார்கள்.

இது தெரியாமல் நாங்கள் படிக்கிறோம் என்று அந்த வாசகர் வட்டத்து அன்பர் நினைத்துவிட்டார். முடிவு இதுவாகத்தான் இருக்கும் என்ற உறுதியில்தானே நாங்கள் அந்தப் புத்தகத்தையே கையில் எடுக்கிறோம்! கடைசியில் அவளைக் கொன்றுவிட்டால் எழுதினவரைச் சும்மா விடுவோமா?

நான் வேலைக்குச் சேர்ந்தது 1984இல், திருச்சியில். வெளியூர் அழைப்புகளை ஆபரேட்டர் கையால் இணைத்துக் கொடுத்த ட்ரங்க் போர்டு காலம் அது. தலையில் ஹெட்செட், கையில் இணைப்பு வயர், முன்னால் குட்டிக் குட்டி விளக்குகள். நைட் டூட்டியில் பன்னிரண்டு மணிக்கு மேல் கால் (அழைப்பு) குறைந்துவிடும். தூங்கக் கூடாது, பேசினால் சூப்பர்வைசர் திரும்பிப் பார்ப்பார். மாத நாவல் அங்கேதான் எனக்குப் பழக்கமானது. ராணிமுத்து, மாலைமதி எல்லாம் முறைவைத்து வாங்குவோம். ஒரு பிரதி பன்னிரண்டு பேர் கைக்குப் போகும். கால் விவரம் குறிக்கிற டிக்கெட் கட்டுக்கு அடியில் வைத்துப் படிப்போம்.

நாயகன் கையைப் பிடிக்கிற நேரம் பார்த்து விளக்கு எரியும். மதுரைக்கு ஒரு பி.பி. கால், அதாவது குறிப்பிட்ட ஆளைக் கூப்பிட்டுப் பேசுகிற அழைப்பு. இணைப்பைக் கொடுத்து, நேரம் குறித்து, மூன்று நிமிடம் ஆனதும் லைனுக்குள் போய் “த்ரீ மினிட்ஸ் ஓவர், தொடரலாமா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தால், அவன் கையை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருப்பான். ஒரு வரிகூடத் திரும்பப் படிக்க வேண்டாம். கனமான நாவல்களையும் அந்த நாற்காலியில் முயன்று பார்த்தேன். ஒவ்வொரு காலுக்கும் பிறகு, இது யார், இவர் ஏன் அழுகிறார் என்று இரண்டு பக்கம் பின்னால் போக வேண்டியிருந்தது. நேரம் துண்டு துண்டாகக் கிடைப்பவர்களுக்கென்றே செய்த புத்தகங்கள் இவை. அடுப்பில் பால் வைத்திருப்பவள், டிப்போவில் அடுத்த ட்ரிப்புக்குக் காத்திருக்கும் கண்டக்டர், ஊசி போட்டுவிட்டு அடுத்த ஊசிவரை உட்கார்ந்திருக்கும் நர்ஸ். இந்த வசதியைக் கொடுப்பதே அந்த மாறாத கதைதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வேலையில் காதில் எதுவும் விழாமல் இருக்க முடியாது. பம்பாயில் வேலை பார்க்கும் கணவர் மாதம் ஒருமுறை பேசுவார். அங்கே மழையா, பணம் வந்ததா, அம்மாவுக்குக் கால்வலி எப்படி. மூன்று நிமிடமும் இதிலேயே போய்விடும். கடைசியில் இரண்டு பக்கமும் ஒரு நொடி சத்தமே வராது. அப்புறம் “சரி, வச்சிடட்டா?”. இதை நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருக்கிறேன். அந்த ஒரு நொடியில் சொல்லாமல் விட்டதையெல்லாம் டிக்கெட் கட்டுக்கு அடியில் இருந்த புத்தகத்தில் ஒருவன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருப்பான். அதைப் படிக்கத் தோன்றுமா, தோன்றாதா?

எங்களோடு பொன்மலையைச் சேர்ந்த ஆங்கிலோ இந்தியப் பெண் ஒருவர் வேலை பார்த்தார். எல்லோரையும்விட சீனியர். நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். அவர் படித்தது மில்ஸ் அண்ட் பூன் மட்டும்தான். அந்தக் கம்பெனியின் கதையும் உங்கள் காதில் விழ வேண்டிய ஒன்று. 1908இல் லண்டனில் ஜெரால்டு மில்ஸ், சார்லஸ் பூன் என்ற இருவர் தொடங்கினார்கள். முதலில் எல்லாவிதப் புத்தகமும் போட்டார்கள், எழுத்தாளர் ஜாக் லண்டனின் புத்தகங்கள்கூட அதில் உண்டு. 1930களில்தான் காதல் கதைக்கு மட்டும் என்று திரும்பினார்கள். காரணம், வாடகை நூலகங்கள். அன்றைக்கு இங்கிலாந்தில் கடைத்தெருவுக்குக் கடைத்தெரு காசு வாங்கிக்கொண்டு புத்தகம் இரவல் கொடுத்தார்கள். அங்கே வருகிற பெண்கள் இந்தக் கதைகளைத்தான் மறுபடி மறுபடி கேட்டார்கள். பழுப்பு அட்டை போட்ட அந்தப் புத்தகங்களுக்கு எழுதியவர் பெயரைவிட அந்த அட்டைதான் அடையாளம். 1971இல் கனடாவின் ஹார்லெக்வின் அந்தக் கம்பெனியை வாங்கியது. நான் சொல்ல வருவது, இந்தக் கதைக்கு இப்படியொரு வார்ப்பு கிடைத்ததே நூலகத்தால்தான். அதை நூலகத்திலிருந்து வெளியே தள்ளுவது, பெற்ற பிள்ளையைத் திண்ணையில் படுக்கவைப்பது மாதிரி.

நம்மூரிலும் இந்த வகை எழுத்து புதிதில்லை. வை.மு.கோதைநாயகி அம்மாள் 1925இல் ஜகன்மோகினி பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கி, நூறு நாவலுக்கு மேல் எழுதினார். டாக்டர் திரிபுரசுந்தரி, அதாவது லக்ஷ்மி, குடும்பக்கதைக்காரர் என்றே அறியப்பட்டவர். 1984இல் சாகித்ய அகாதமி விருது அவருக்குக் கிடைத்தது. ரமணிசந்திரனும் நூற்றுக்கு மேல் எழுதியவர். நான் உறுப்பினராக இருந்த வாடகை நூலகங்களில் அவருக்கென்று தனி அடுக்கே இருக்கும், அதில் பாதி எப்போதும் காலியாக இருக்கும். வார்ப்பு என்று பார்த்தால் நம் அகப்பாடல்களைவிட இறுக்கமான வார்ப்பு எங்கே இருக்கிறது? தலைவன், தலைவி, தோழி, செவிலி. பெயர்கூடச் சொல்லக் கூடாது என்று இலக்கணம். குறிஞ்சி என்றால் இது, முல்லை என்றால் இது. (குறுந்தொகையும் மாத நாவலும் ஒன்று என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வார்ப்பு இருப்பது குற்றமில்லை என்கிறேன், அவ்வளவுதான்.)

நான் பிறந்தது மன்னார்குடியில். 1931இல் பக்கத்தில் மேலவாசலில்தான் மாட்டுவண்டியில் நடமாடும் நூலகத்தைத் தொடங்கிவைத்தார் எஸ்.ஆர்.ரங்கநாதன். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர். அதே 1931இல்தான் நூலகத்துக்கான ஐந்து விதிகளையும் புத்தகமாகப் போட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பவை இரண்டாவதும் மூன்றாவதும். உங்களில் பலர் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த விதிகளில் நல்ல வாசகர், மட்டமான வாசகர் என்ற பிரிவு இல்லை.

வரிப்பணம் என்றாரே, அதற்கும் வருகிறேன். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தபோதே சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. இன்றைக்கு அது ரூபாய்க்குப் பத்துப் பைசா. எங்கள் வீட்டு ரசீதிலும் அந்த வரி வருகிறது. கட்டுவது நான். என் பத்துப் பைசாவில் என்ன வாங்கலாம், என்ன வாங்கக் கூடாது என்று கைதட்டி முடிவு செய்வது அவர்கள். பிரிட்டனில் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எத்தனை தடவை இரவல் போகிறது என்று கணக்கெடுத்து எழுத்தாளருக்குப் பணம் கொடுக்க 1979இல் சட்டம் போட்டார்கள். கணக்கெடுத்துப் பார்த்தால், வருடக்கணக்காக முதலிடத்தில் இருந்தவர் கேத்தரின் குக்சன். ஏழைப் பெண், பணக்கார வீடு, கஷ்டம், காதல். அவர்கள் ஒன்றும் வெட்கப்பட்டு அந்தக் கணக்கைப் பின்னறையில் கட்டி வைக்கவில்லை.

எங்கள் கிளையில் அப்படிக் கணக்கெடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கட்டிப் போட்ட புத்தகங்களில் ஒன்றை அவிழ்த்து, உள்ளட்டையில் ஒட்டிய தேதித்தாளைப் பார்த்தால் போதும். முத்திரை குத்தி நிரம்பி, மேலே இன்னொரு தாள் ஒட்டி, அதுவும் நிரம்பியிருக்கும். இன்னொன்று உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பக்கங்களைப் புரட்டினால் பென்சிலில் சின்னச் சின்னக் குறிகள் தெரியும். 50ஆம் பக்க ஓரத்தில் ஒரு நட்சத்திரம், 33இல் ‘ஜெ’, இன்னொன்றில் ஒரு குட்டி மாங்காய். எல்லாக் கதையும் ஒன்றுபோல இருப்பதால், படித்ததா படிக்காததா என்று தெரிந்துகொள்ள ஆளுக்கொரு பக்கத்தில் ஆளுக்கொரு அடையாளம். என்னுடையது 84ஆம் பக்கத்தில் ஒரு புள்ளி, வேலைக்குச் சேர்ந்த வருடம். மாங்காய் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் அவர் ரசனை என் ரசனை. மாங்காய் இருந்தால் நம்பி எடுப்பேன். நூலகப் புத்தகத்தில் கிறுக்குவது தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் புத்தகங்களைத் தேர்வு செய்ய ஒரு குழு இல்லாததால் நாங்களே நடத்துகிற குழு அது.

என் உண்மையான குறை இதில்தான் இருக்கிறது. நீங்கள் வாங்கவில்லை என்பதைவிட, தேர்வு செய்யவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். எல்லாம் ஒரே குப்பை என்று நினைப்பதால், வாங்காத வருடம் ஒன்றும் வராது. வாங்குகிற வருடம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூட்டை வரும். அந்த மூட்டையில் நல்லதும் இருக்கும், நாசமும் இருக்கும்.

நாசம் என்று சொல்வது சும்மா இல்லை. பழைய நாவல்களில் நாயகன் ஒரு அறையாவது விடாமல் கதை முடியாது. அவளும் அந்தக் கன்னத்தைத் தடவிக்கொண்டே அவன் கோபத்தின் அழகை நினைப்பாள். இருபத்திரண்டு வயதில் அதை நானும் ரசித்துப் படித்திருக்கிறேன், மறைப்பானேன். இப்போது இணையத்தில் யூடி யூடியாக (அப்டேட், அதாவது தவணை தவணையாக) எழுதிப் பிறகு புத்தகமாக வருவதில் ஆன்டி ஹீரோ என்று ஒரு வகை கிளம்பியிருக்கிறது. பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய் அடைத்து வைப்பான், பலவந்தம் செய்வான், எபிலாக்கில் இரட்டைக் குழந்தையோடு நல்ல கணவன் ஆகிவிடுவான். அப்படி ஒன்றை எங்கள் பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ பெண் கையில் பார்த்துவிட்டு இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. அதே இணையத்தில் எழுதுகிற வேறு பெண்கள் அசத்துகிறார்கள். நாயகி வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறாள், நாயகனுக்கு விவாகரத்து ஆகி ஒரு குழந்தை இருக்கிறது, மாமியார் வில்லி இல்லை, ஆனாலும் அதே வார்ப்பு, அதே நாலு பக்க முடிவு. படித்துவிட்டு எழுந்தால் மனசு லேசாகிறது. இந்த இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினால் எப்படி?

சாம்பார் என்றால் எல்லாம் சாம்பார்தான். அதற்காக ஹோட்டலுக்கு ஹோட்டல் வித்தியாசம் இல்லை என்போமா? எங்களுக்குள் அளவுகோல் இருக்கிறது. சண்டை அவர்கள் குணத்திலிருந்து வருகிறதா, இல்லை தொலைந்துபோன ஒரு கடிதத்திலிருந்தா? கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய வேலை என்ன ஆனது, ஆசிரியர் மறந்துவிட்டாரா? அவன் மன்னிப்புக் கேட்கும்போது எதற்குக் கேட்கிறான் என்று அவனுக்குத் தெரிகிறதா? பேச்சுமொழி அந்த ஊர்க்காரர் பேசுகிற மாதிரி இருக்கிறதா? திருநெல்வேலிக்காரி கோயம்புத்தூர் பாஷை பேசினால் ஐந்தாம் பக்கத்திலேயே மூடிவிடுவோம். அப்புறம் எழுத்தின் அளவு. படிக்கிறவர்களில் பாதிப் பேர் கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள் என்பதை யாராவது நினைத்துப் பார்க்கிறார்களா? அச்சுப்பிழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. ‘மனம்’ முடித்தார்கள், ‘மணம்’ வருந்தினாள்.

உங்கள் குழுவில் கவிதை தெரிந்தவர் இருப்பார், வரலாறு தெரிந்தவர், சிறுவர் இலக்கியம் தெரிந்தவர் இருப்பார். இருக்க வேண்டியதுதான். குடும்ப நாவலை ஆயிரக்கணக்கில் படித்த ஒருவரையும் கூட உட்காரவையுங்கள். பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. பதிப்பகங்களிடமிருந்து வருகிற மாதிரிப் பிரதிகளை அவரிடம் கொடுத்தால் ஒரு வாரத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்துத் தருவார். எங்களில் பலர் இலவசமாகவே செய்வோம், படிக்கக் கிடைக்கிறதே. அடுக்கைத் திருப்பிக் கொடுங்கள் என்பதையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். கண்ணில் படுகிற இடத்தில், ஜன்னல் பக்கம் இருந்தால் நல்லது. பின்னறைக்குப் போய் “அந்தப் புத்தகம் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா” என்று கேட்க எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் புதிதாகக் கல்யாணமாகி ஊருக்கு வந்திருக்கும் பெண் கேட்க மாட்டாள், படிக்காமல் போய்விடுவாள்.

கடைசியாக ஒரு சின்ன விண்ணப்பம். இது கொள்கை விஷயம் இல்லை, வீட்டு விஷயம்.

என் மாமியாருக்கு 86 வயது. கண் மங்கிவிட்டது, காது கூர்மை. மத்தியானம் மூன்று மணிக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும். கதை கொஞ்சம் நெருக்கமான இடத்துக்கு வந்தால் கூச்சப்பட்டு இரண்டு பக்கம் தாண்டிப் படிப்பேன். “என்னம்மா, இப்பத்தான் மாடிப்படி ஏறினாங்க, அதுக்குள்ள காலையில காபி குடிக்கிறாங்க?” என்று பிடித்துவிடுவார். அப்படிக் கேட்கிறவரிடம் போன வாரம் ஒரு புத்தகத்தோடு மாட்டிக்கொண்டேன். பின்னறைக் கட்டிலிருந்து நூலகர் இரக்கப்பட்டு உருவிக் கொடுத்தது. 96ஆம் பக்கத்தில் நாயகி மழையில் நனைந்து மயங்கி விழுகிறாள். அடுத்த பக்கம் 113. நடுவில் சரியாகப் பதினாறு பக்கம், முழுசாக ஒரு பாரம் (ஒன்றாக அச்சடித்து மடித்துத் தைக்கிற தாள்), தையல் விட்டு எங்கோ உதிர்ந்திருக்கிறது. 113இல் அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள், அவனுக்குத் தாடி வளர்ந்திருக்கிறது.

“பரவாயில்லை அத்தை, அவளுக்குக் காய்ச்சல் வந்திருக்கும், அவன் ராத்திரியெல்லாம் தூங்காம பக்கத்துல உட்கார்ந்து நெத்தியில ஈரத்துணி போட்டிருப்பான், அவள் தூக்கத்துல அவன் பேரைச் சொல்லியிருப்பாள்” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதா?” என்றார். “அதைப் படி.”

புத்தகத்தின் பெயரையும் பிரதி எண்ணையும் நூலகரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேறு எந்தக் கிளையிலாவது முழுப் பிரதி இருந்தால் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 97 முதல் 112 வரை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினாலும் போதும், செலவை நான் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
84ஆம் பக்கத்துப் புள்ளி